தொட்டுக் காட்டச் சொன்ன முகம்

மண்ணூர்,
செவ்வாய்க்கிழமை காலை.

அன்புள்ள கோபிநாத்துக்கு,

அம்மா எழுதுவது. நீ நலமாக இருப்பாய் என்று நம்பி நேராக விஷயத்துக்கு வருகிறேன். என் நலம் எப்படி என்பதைக் கடிதம் முடிவதற்குள் நீயே தெரிந்துகொள்வாய்.

ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். ஃபோனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் "உனக்கெதுக்கும்மா இந்த வம்பு" என்று நீ குறுக்கே வருகிறாய். கடிதத்தில் குறுக்கே வர முடியாது. இன்னொரு காரணமும் உண்டு. ஸ்லோவாக்கியாவுக்குப் போய்ச் சேர எப்படியும் பத்து நாள் ஆகும் என்று தபால் அலுவலகத்தில் சொன்னார்கள். நான் செய்யப்போகும் காரியம் நாளை மறுநாள், வியாழக்கிழமை. நீ தடுக்க முடியாத அளவுக்குத் தாமதமாக இது வந்து சேர வேண்டும் என்றுதான் தபாலில் அனுப்புகிறேன்.

எதிர் வீட்டு உமாதேவியின் தாலிச் சங்கிலி பறிபோனது உனக்குத் தெரியும். நான்தான் சாட்சி என்பதும் தெரியும். ஆனால் அன்று ஃபோனில் உனக்குச் சொன்ன விதத்தில் கொஞ்சம் பெருமை கலந்திருந்தது. அதை எடுத்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்.

மூன்று வாரத்துக்கு முன்பு, திங்கட்கிழமை, காலை ஆறே முக்கால். கம்பெனி பஸ்கள் போய்க்கொண்டிருந்த நேரம். நான் கேட்டைத் திறந்துகொண்டு பேப்பருக்காக நின்றிருந்தேன். உமா பால் வாங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், ஏரிப் பக்கமிருந்து ஒரு பைக் வந்தது. வண்டி நிற்கக்கூட இல்லை. ஒரு கை நீண்டது, உமா கீழே விழுந்தாள், பால் ரோட்டில் ஓடியது. அடுத்த நொடி அந்த ஆள் என் கேட்டைத் தாண்டினான். தலையில் ஹெல்மெட், வாயையும் மூக்கையும் மூடி மாஸ்க். கண்ணாடி மட்டும் மேலே தூக்கியிருந்தது. நான் பார்த்தது இரண்டு கண்களைத்தான்.

சப்-இன்ஸ்பெக்டர் வந்து ஆள் எப்படி என்று கேட்டார். கண்கள் சிறியவை, வடகிழக்கு மாநிலத்து ஆள் என்றேன். கொஞ்சமும் தயங்கவில்லை. அவர் அதை "நேப்பாளி" என்று எழுதிக்கொண்டார். நான் உடனே திருத்தினேன்: நேப்பாளம் வேறு நாடு, நான் சொல்வது நம் நாட்டின் வடகிழக்கு என்று. அந்தத் திருத்தத்தில் எனக்கு எவ்வளவு திருப்தி தெரியுமா! அடித்தளமே கோணல், நான் அதன்மேல் எழுத்துப் பிழை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலமே அவர் ஃபோனில் நான்கு படங்களைக் கொண்டுவந்தார். நம் பின் தெருவில் லைன் வீடுகளில் தங்கியிருக்கும் கம்பெனி ஆட்களின் படங்கள். மூன்றாவது படத்தில் விரலை வைத்தேன். "நல்லா பாத்துட்டு சொல்லுங்க மேடம்" என்றார் அவர். பாவம், அவருக்கு இருந்த நிதானம்கூட எனக்கு இல்லை. முப்பத்தொரு வருடம் பேங்க்கில் கையெழுத்துச் சரிபார்த்தவள், எனக்கு இரண்டாவது தடவை பார்க்கும் பழக்கம் கிடையாது என்று சொன்னேன். "மேடம் மாதிரி ஒரு சாட்சி இருந்தா எங்க வேல பாதி முடிஞ்சிடும்" என்று அவர் தெருவில் எல்லோரும் கேட்கச் சொன்னார். இதை உனக்கு அன்றே இரண்டு தடவை சொன்னேன்.

அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மிசோரம் ஆளாம். ஒரகடத்தில் ஒரு உதிரி பாகக் கம்பெனியில் பேக்கிங் வேலை. அவனிடம் சங்கிலி கிடைக்கவில்லை. அவனுக்குச் சொந்தமாக பைக்கும் இல்லை. யாரிடமாவது இரவல் வாங்கியிருப்பான் என்றார்கள். இப்போது யோசித்துப் பார்த்தால், அவனுக்கு எதிராக இருந்தது என் விரல் ஒன்றுதான்.

போன வாரம் புதன்கிழமை ரத்த அழுத்த மாத்திரை வாங்க ஸ்ரீபெரும்புதூர் போனேன். மருந்துக் கடையில் எனக்கு முன்னால் அவன் நிற்கிறான். அதே முகம், அதே கண்கள். உள்ளே இருக்க வேண்டியவன் வெளியே எப்படி வந்தான்? உனக்குத்தான் தெரியுமே, கோபம் வந்தால் எனக்குக் கான்வென்ட் இங்கிலீஷ்தான் வரும். உன்னை யார் வெளியே விட்டது என்று இங்கிலீஷில் சத்தம் போட்டேன். கடையில் அத்தனை பேரும் திரும்பினார்கள்.

அவர் நிதானமாக என்னைப் பார்த்து, "யம்மா, நான் உள்ளயே போவலியே. தலவலி மாத்தர வாங்க வந்தேன்" என்றார்.

கடைக்காரர் சிரித்தார். அந்த முகத்திலிருந்து அந்தத் தமிழ் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவரே தொடர்ந்தார்: "இன்னாமா, வாய்ல இந்தி வர்லன்னு பாக்கறியா? நான் வியாசர்பாடி. பேரு இனியவன். எங்க ஆயா பர்மாக்காரி. தாத்தா ரங்கூன்லருந்து கப்பல் ஏறினப்போ அதுவும் கூடவே ஏறிடுச்சி. மூஞ்சி மட்டும் ஆயா குடுத்தது. மீதி ஃபுல்லா வியாசர்பாடிதான்."

ஒரகடத்தில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறாராம். "கம்பெனில கொரியாக்காரரு என்னப் பாத்தா அவரு பாஷ பேசறாரு. கான்ட்ராக்டரு இந்தில திட்றாரு. எனக்கு ரெண்டும் புரியாது. அதனால யாரு திட்னாலும் எனக்கு ஒறைக்கறதே இல்லமா" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, சங்கிலி பறிபோன அன்று போலீஸ் அவரையும் ரோட்டில் நிறுத்தியதாகச் சொன்னார். ஆதார் அட்டையில் வியாசர்பாடி என்று இருந்ததைப் பார்த்துவிட்டு அனுப்பினார்களாம். "என் படத்த உனுக்குக் காட்டியிருந்தா நான்தான்னு சொல்லியிருப்பியாமா?" என்று கேட்டார்.

விளையாட்டாகத்தான் கேட்டார். ஆமாம் என்பதுதான் பதில். கடையில் அவரைப் பார்த்தபோது எனக்கு எவ்வளவு நிச்சயம் இருந்ததோ, அந்த மூன்றாவது படத்தைப் பார்த்தபோதும் அதே அளவு நிச்சயம்தான் இருந்தது. ஒரு இம்மியும் கூடவோ குறைவோ இல்லை.

மன்னிப்புக் கேட்டேன். "பர்வால்லமா, பழகிடுச்சி" என்றார். பழகிவிட்டது என்று அவர் சொன்னது, அவர் கோபப்பட்டிருந்தால் வலித்திருப்பதைவிட அதிகம் வலித்தது. அவருடைய ஃபோன் நம்பரை வாங்கிக்கொண்டேன். எதற்கென்று அப்போது தெரியாது.

பேங்க்கில் ஒரு விதி இருந்தது. கையெழுத்தைச் சரிபார்க்கும்போது மாதிரிக் கையெழுத்து அட்டை பக்கத்தில் இருக்க வேண்டும். இருபது வருடமாகத் தெரிந்த வாடிக்கையாளராக இருந்தாலும் சரி, நினைவிலிருந்து சரிபார்க்கக் கூடாது. புதிதாக வரும் பெண்களுக்கு நான் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது அதைத்தான். ஒரு மனிதனை ஜெயிலுக்கு அனுப்பும்போது என் பக்கத்தில் எந்த அட்டை இருந்தது? அந்த மாதிரி முகங்களில் ஒன்றையாவது நான் அரை நிமிடம் நின்று பார்த்ததுண்டா? மூன்று வருடமாகப் பின் தெருவில் இருக்கிறார்கள். தண்ணீர் லாரி வரும்போது ஒரே வரிசையில் நின்றிருக்கிறோம்.

அதோடு விடவில்லை. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் ஆறே முக்காலுக்கு அதே இடத்தில் நின்றேன். ஏரிப் பக்கமிருந்து வருகிற வண்டிகளைப் பார்த்தேன். கோபி, நம் தெரு கிழக்கு நோக்கிப் போகிறது. அந்த நேரத்தில் சூரியன் நேராக முகத்தில் அடிக்கிறது. வருகிற ஒவ்வொருவரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் வருகிறார்கள். மாஸ்க் போட்டவர்களிடம் தெரிவது இரண்டு கீற்று மட்டும். சனிக்கிழமை அப்படி ஒரு ஆள் வந்து என் எதிரில் வண்டியை நிறுத்தியபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாஸ்க்கை இறக்கினால், உமாவின் வீட்டுக்காரர் வெங்கடேசன். நைட் ஷிப்ட் முடிந்து வருகிறார்.

இந்த வீட்டில் நாற்பத்தெட்டு வருடமாக இருக்கிறேன். எந்தத் திசையில் சூரியன் உதிக்கிறது என்பது எனக்குத் தெரியாதா?

நேற்று ஸ்டேஷனுக்குப் போய், நான் அடையாளம் சொன்னது தவறு என்று சொன்னேன். சப்-இன்ஸ்பெக்டர் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். "வியாழக்கெழம ஜெயில்ல அடையாள அணிவகுப்பு மேடம். மேஜிஸ்ட்ரேட் முன்னாடி வரிசையா நிக்கவெப்பாங்க. நீங்க போய் அவனத் தொட்டுக் காட்டினா போதும். இந்த வயசுல எதுக்கு மனசக் கொழப்பிக்கிறீங்க?" என்றார். என் வாக்குமூலத்தை மாற்றி எழுதிக்கொள்ள மறுத்துவிட்டார். வியாழக்கிழமை மேஜிஸ்ட்ரேட்டிடமே சொல்லிக்கொள்கிறேன் என்று எழுந்து வந்தேன்.

அதற்குள் விஷயம் தெருவுக்கு வந்துவிட்டது. ராத்திரி உமாவும் வெங்கடேசனும் வந்தார்கள். அவள் முழங்காலில் இன்னும் கட்டு இருக்கிறது. அந்தச் சங்கிலி அவள் அம்மா வாலாஜாபாத்தில் நிலத்தை விற்றுப் போட்டது. "பெரிம்மா, நீங்கதான பாத்தேன்னு சொன்னீங்கோ? இப்போ நீங்களே இல்லன்னா எனக்கு யாரு சொல்றது? என் சங்கிலி எங்கேந்து வரும்?" என்று அழுதாள். அவள் கேட்டதில் தவறில்லை. வெங்கடேசன் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "எவனோ ஒருத்தன் உள்ள கெடந்துட்டுப் போறான், வுடுங்க பெரிம்மா. அவனுங்க எல்லாம் ஒரே மூஞ்சிதான" என்றார். எல்லாம் ஒரே முகம் என்று நானும் நினைத்ததால்தான் இன்றைக்கு உமாவின் சங்கிலியும் கிடைக்கவில்லை, எடுத்தவனும் கிடைக்கவில்லை, அவனை யாரும் தேடவும் இல்லை என்று சொன்னேன். இரண்டு பேரும் எழுந்து போய்விட்டார்கள். இன்று காலை உமா என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டாள். பதினெட்டு வருடத்தில் முதல் தடவை.

எனக்குச் சந்தேகம் என்றதும் ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் நீ சொன்னதையும் மறக்கவில்லை. வயதாகிவிட்டது, தெருக்காரர்கள் தயவு வேண்டும், பேசாமல் இரு என்றாய். தயவு வேண்டும்தான். ஆனால் அந்தத் தயவுக்கு அவன் ஏன் உள்ளே இருக்க வேண்டும்?

இன்னொன்று. இரண்டு வருடத்துக்கு முன்பு நீ ஒரு புகைப்படத்தை என் கையில் கொடுத்தாய். உன்னோடு ஒரகடத்தில் வேலை செய்த பெண். நான் ஒரு பார்வை பார்த்துவிட்டு, இது நம் ஊர் முகம் இல்லை என்று திருப்பிக் கொடுத்தேன். மூன்றாவது மாதம் நீ அந்த நாட்டு வேலைக்குக் கையெழுத்துப் போட்டாய். அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை. முதலில் வியாழக்கிழமை முடியட்டும்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. குளிருக்கு அந்தச் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள்.

அம்மா,
ஜெ. ஏலவார்குழலி


மண்ணூர்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள கோபிநாத்துக்கு,

முதல் கடிதம் கைக்கு வருவதற்கு முன்பே இது வந்தாலும் வரும். அப்படியானால் இதை மூடி வைத்துவிட்டு அதற்காகக் காத்திரு. எதையும் முதலிலிருந்து படிக்க வேண்டும்.

நேற்றுப் போய்விட்டு வந்தேன். தெருவில் ஆட்டோக்காரர்கூட அன்றைக்கு வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டார். வெங்கடேசன் சொல்லியிருப்பார். இனியவனுக்கு ஃபோன் செய்தேன். அரை நாள் லீவு போட்டுவிட்டு ஒரு நண்பருடைய காரில் வந்தார். வழியில் ஒரு செக்போஸ்ட்டில் அவரை நிறுத்தி இந்தியில் கேள்வி கேட்டார்கள். "சார், தமிழ்ல கேளு சார், சட்டுனு சொல்லிட்றேன்" என்றார். நான் பின் சீட்டிலிருந்து இறங்கப் போனேன். "நீ குந்துமா, உனுக்கு இன்னிக்கு ஒரு கேஸு போதும்" என்று தடுத்துவிட்டார்.

கிளைச் சிறைக்குள் என்னைத் தனியாக ஒரு அறையில் உட்காரவைத்தார்கள். மேஜிஸ்ட்ரேட் சின்ன வயதுக்காரர், மரியாதை தெரிந்தவர். போலீஸ்காரர்களை வெளியே அனுப்பிவிட்டு என்னை முற்றத்துக்குக் கூட்டிப்போனார். வரிசையாக ஒன்பது பேர் நின்றார்கள். நான் பார்த்த நபர் இந்த வரிசையில் இருந்தால் தொட்டுக் காட்டச் சொன்னார்.

கோபி, அந்த வரிசையை நீ பார்த்திருக்க வேண்டும். எட்டுப் பேர் நம் ஊர்க்காரர்கள். மீசை, கறுத்த நிறம், பெரிய கண்கள். நடுவில் ஐந்தாவதாக அந்த மிசோரம்காரர் ஒருவர் மட்டும். சாயல் ஒத்தவர்களாகப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டுமாம். அன்றைக்குச் சிறையில் அப்படி வேறு யாரும் இல்லை, கிடைத்தவர்களை நிறுத்திவிட்டார்கள். கண் தெரியாத ஒருத்தியைக் கூட்டிவந்தாலும் தடவிப் பார்த்துச் சொல்லிவிடுவாள்.

ஐந்து அடி எடுத்து வைத்துத் தொட்டுவிட்டால் எல்லாம் சுலபமாக முடிந்துவிடும். ஆட்டோ வரும். உமா கதவைத் திறப்பாள். மேடம் சொன்னால் சரியாக இருக்கும் என்று தெரு சொல்லும். அந்த ஐந்து அடி எவ்வளவு பக்கம் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

பிறகு மேஜிஸ்ட்ரேட்டிடம் சொன்னேன். ஐயா, நீங்கள் யாரைத் தொடச் சொல்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அவருடைய படத்தைப் போலீஸ் முன்பே என்னிடம் காட்டியிருக்கிறது. அது இல்லாவிட்டாலும் இந்த வரிசையே அவரைக் காட்டிக்கொடுக்கிறது. ஆனால் சங்கிலியைப் பறித்தவரை நான் பார்க்கவில்லை. இரண்டு கண்களைப் பார்த்தேன், அதுவும் வெயிலுக்குச் சுருங்கியிருந்த கண்கள். மீதி முகத்தை நானே போட்டு நிரப்பிக்கொண்டேன். முன்பு நான் சொன்னது தவறு என்றேன்.

அவர் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் அதை முதல் தடவை பார்ப்பவர்போல இருந்தது. எல்லாவற்றையும் எழுதச் சொன்னார், வரிசை நின்ற விதம் உட்பட. எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். "சாட்சிக்கு வயது மூப்பினால் நினைவில்லை" என்று ஒரு வரி இருந்தது. கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, நான் சொன்னது தவறு என்பதுதான் விஷயம், அப்படியே எழுதுங்கள் என்றேன். அடித்துத் திருத்தினார்கள். திருத்தத்துக்குப் பக்கத்திலும் ஒரு கையெழுத்துப் போட்டேன்.

பிடிபட்டவருடைய பெயரையும் அங்கேதான் முதல் தடவையாக முழுதாகக் கேட்டேன். லால்ரின்லியானா. இத்தனை நாளில் யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. குமாஸ்தா அவசரமாக "லாலு" என்று ஏதோ எழுதியிருந்தார். எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்லி என் டைரியில் எழுதிக்கொண்டேன். ஏலவார்குழலி என்ற பெயர் வாயில் நுழையவில்லை என்று கான்வென்ட்டில் மதர் என்னை ஒரு வருடம் "எல்லா" என்று கூப்பிட்டார். முழுப் பெயரைச் சொன்னால்தான் எழுந்து நிற்பேன் என்று நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த கதையை உன் அப்பா எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். நேற்று டைரியை மூடும்போது அது நினைவுக்கு வந்தது.

லால்ரின்லியானா என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியவில்லை. நன்றி சொல்வதற்கு அவருக்கு எதுவும் இல்லை. என்னால்தான் இருபத்துநான்கு நாள் உள்ளே இருக்கிறார். திங்கட்கிழமை ஜாமீன் மனு வருகிறது. என் வாக்குமூலத்துக்குப் பிறகு கிடைத்துவிடும் என்று அவருடைய வக்கீல் சொல்கிறார். அன்றைக்கும் போவேன். பிறகு அவருடைய கம்பெனிக்குப் போய், அவரை வேலைக்குத் திரும்ப எடுக்கும்படி எழுதிக் கொடுக்கப்போகிறேன். கடிதத்தைத் தயார் செய்துவிட்டேன், ஒரு பக்கம்தான், இங்கிலீஷில். தவறு என்னுடையது என்பதை முதல் வரியிலேயே வைத்திருக்கிறேன்.

உமாவிடமும் போனேன். கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பேசினேன். ரோட்டு முனைக் கம்பெனியில் கேமரா இருக்கிறது, அந்த வண்டி எந்தப் பக்கம் போனது என்று இதுவரை யாரும் பார்க்கவில்லை, நாம் இரண்டு பேரும் சேர்ந்து மனு எழுதிக் கொடுப்போம் என்றேன். அவள் ஜன்னலை மூடவில்லை. நாளைக்கு மறுபடி போவேன்.

இனி நான் முதல் கடிதத்தில் தள்ளி வைத்த விஷயம். அந்தப் பெண்ணுக்கு இதற்குள் கல்யாணம் ஆகியிருக்கலாம். உங்களுக்குள் பேச்சு இருக்கிறதா, இல்லையா என்றும் எனக்குத் தெரியாது. கேட்கும் உரிமையும் எனக்கு இல்லை. அன்று நீ அவள் பெயரைச் சொன்னாய். நான் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. படத்தைப் பார்த்ததே போதும் என்று நினைத்தேன்.

படம் வேண்டாம், கோபி. அவள் பெயரை மட்டும் எழுதி அனுப்பு. முழுப் பெயர், எழுத்து எழுத்தாக. என் டைரியில் அந்தப் பக்கத்தில் இன்னும் இடம் இருக்கிறது.

நீயும், உன் மனதில் இருப்பவர்கள் யாராக இருந்தாலும் அவர்களும், நன்றாக இருக்க வேண்டும்.

அம்மா,
ஜெ. ஏலவார்குழலி